தொங்கல் கணக்கும் துப்பறியும் கதையும்

(நமது வானொலியின் மாதாந்த உரை வரிசையில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நான் வந்தால் வரிப் படிவம், ஓய்வூதியம், வாடகை ஒப்பந்தம் என்றுதான் கதைப்பது வழக்கம். அண்மையில் ஒரு நேயர் தொலைபேசியில், "அண்ணை, உந்த வரிக் கதையளை ஒரு மாதத்துக்கு விட்டிட்டு வேற ஏதும் சுவாரசியமாக் கதையுங்கோவன்" என்று கேட்டார். நியாயமான கோரிக்கை. நான் ஓய்வு நேரத்தில் ஒரு மர்மக் கதை எழுதி வருவது நிலையத்தில் பலருக்கும் தெரிந்த விடயம். ஆகவே இன்று, ஒருவர் தான் செய்யும் தொழிலை வைத்து மர்மக் கதை எழுதுவது பற்றிப் பேசப் போகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரியும் ஓய்வூதியமும் இந்த உரைக்குள்ளும் வந்து எட்டிப் பார்க்கும். கணக்காளன் எழுதும் கதையில் வேறு என்ன இருக்கும்?

வணிகவியல் படித்தவர்களுக்குத் தொங்கல் கணக்கு என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டு முடிவில் பேரேட்டில் உள்ள மீதிகளை வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று பட்டியலிடுவோம். அதற்குப் பரீட்சை மீதி என்று பெயர். இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும். வராவிட்டால், வித்தியாசத் தொகையை ஒரு தற்காலிகக் கணக்கில் போட்டுவிட்டுப் பிழையைத் தேடத் தொடங்குவோம். பிழை அகப்படும் வரை அந்தத் தொகை அந்தரத்தில் தொங்கும். அதுதான் தொங்கல் கணக்கு. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்'. மர்மக் கதையின் அமைப்பும் இதுவே. முதல் அத்தியாயத்தில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. கடைசி அத்தியாயத்தில் அந்தக் கணக்கை மூடுகிறோம்.

இதிலே இன்னொரு பாடமும் உண்டு. பரீட்சை மீதி சமப்பட்டதால் மட்டும் கணக்குச் சரி என்று சொல்ல முடியாது. ஒரு கொடுக்கல் வாங்கலை அடியோடு எழுதாமல் விட்டால் இரண்டு பக்கமும் அழகாகச் சமப்படும். ஒரு பிழையை இன்னொரு பிழை ஈடுசெய்தாலும் சமப்படும். திறமையான கள்ளனின் ஏடு எப்போதும் சமப்பட்டே இருக்கும். ஆகவே கணக்காளன் எழுதும் மர்மக் கதையில் இரத்தக் கறையைத் தேட வேண்டியதில்லை. ஒரு பொய் எப்படி உண்மையைப் போல எழுதப்படுகிறது, அதற்கு யார் யார் கையொப்பம் வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த விடயம். கதைக்கு அவன் கொண்டுவரும் முதலீடும் அதுவே.

இனி நாம் இருக்கும் இடத்துக்கு வருவோம். லிபெர்த்தா பகுதியை நம்மவர் பலர் சமையலறை வழியாகவும் மாடிப்படி வழியாகவும் அறிந்தவர்கள். எத்தனையாவது மாடியில் எந்த முதியவர் இருக்கிறார், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் நாம் தினமும் நடக்கும் வீதியின் பெயர் ஒரு கணக்கு வழக்கின் பெயர் என்பது பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். லிபெர்த்தா வீதியைக் குறுக்கே வெட்டிப் போகிறதே நொத்தார்பார்த்தோலோ வீதி, அதைத்தான் சொல்கிறேன்.

எமானுவேலே நொத்தார்பார்த்தோலோ 1873 முதல் 1876 வரை பலெர்மோவின் மேயராக இருந்தவர். அதன் பிறகு 1890 வரை பாங்கோ டி சிச்சிலியா வங்கியின் தலைமை இயக்குநர். வங்கிப் பணம் செல்வாக்குள்ளவர்களுக்குக் கண்டபடி கடனாகப் போவதை அவர் தடுக்கப் பார்த்தார். 1893 பெப்ரவரி 1ஆம் தேதி, தெர்மினி இமெரேசேக்கும் திராபியாவுக்கும் இடையில், ஓடும் ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் 27 இடங்களில் குத்திக் கொன்று உடலை வெளியே எறிந்தார்கள். மாபியாவினால் கொல்லப்பட்ட முதல் பெரிய மனிதர் என்று இவரைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். கொலையை ஏவியவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் ரபாயேலே பலிட்சோலோ. பாராளுமன்ற உறுப்பினர். அந்த வங்கியின் நிர்வாகத்திலும் இருந்தவர். 1902இல் பொலோஞ்ஞா நீதிமன்றம் அவருக்கு 30 ஆண்டுச் சிறை விதித்தது. அடுத்த ஆண்டு மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. 1904இல் புளோரன்ஸ் நகர நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று அவரை விடுவித்தது. தொங்கல் கணக்கு மூடப்படவே இல்லை.

அதே நொத்தார்பார்த்தோலோ வீதியில், 23ஆம் இலக்கக் கட்டடத்தில் குடியிருந்தவர் நீதிபதி ஜோவானி பால்கோனே. அந்த வாசலில் நிற்கும் மரத்தில் பிள்ளைகள் கடிதங்களையும் படங்களையும் ஒட்டிவைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பால்கோனே பற்றிய படங்களில் துப்பாக்கியும் மெய்க்காவலர்களும் அதிகம் வருவார்கள். ஒரு கணக்காளனாக என்னைக் கவர்ந்தது வேறு. 1978இல் பலெர்மோவுக்கு வந்ததும் அவர் வேலை செய்தது குற்றவியல் பிரிவில் அல்ல, வங்குரோத்து வழக்குகள் நடக்கும் பிரிவில். விழுந்துபோன கம்பனிகளின் ஐந்தொகையையும் வங்கிக் கூற்றையும் படித்துப் படித்து அங்கே பழகினார். 1980இல் ரோக்கோ கின்னிச்சி அவரிடம் ஸ்பத்தோலா வழக்கை ஒப்படைத்தார். போதைப்பொருள் வழக்கு. பால்கோனே என்ன செய்தார்? பலெர்மோ நகரிலும் மாகாணத்திலும் உள்ள எல்லா வங்கிகளுக்கும் கடிதம் எழுதி, 1975 முதல் வெளிநாட்டுப் பணம் மாற்றிய பற்றுச்சீட்டுகளை எல்லாம் அனுப்பச் சொன்னார். போதைப்பொருள் கைமாறி மறைந்துவிடும். அதற்காக வந்த டொலர் எங்கேயோ ஒரு வங்கிக் கவுண்டரில் ஒரு கையொப்பத்தை விட்டுவிட்டுத்தான் போகும். துண்டு துண்டாக அந்தச் சீட்டுகளையும் காசோலைகளையும் மேசையில் அடுக்கி ஆட்களை இணைத்தார். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் 1986 பெப்ரவரி 10ஆம் தேதி 475 பேருக்கு எதிராகத் தொடங்கிய பெரும் வழக்கு. 1992 மே 23ஆம் தேதி கப்பாச்சி அருகே நெடுஞ்சாலையில் குண்டு வைத்து அவரைக் கொன்றார்கள். கணக்குப் பார்த்ததற்காகக் கொல்லப்பட்ட வங்கியாளரின் பெயரில் ஒரு வீதி. அந்த வீதியில், காசோலைகளைப் பின்தொடர்ந்த ஒரு நீதிபதியின் வீடு. கதையில் நான் இப்படி எழுதினால், சோடித்த கதை என்று நீங்கள் சொல்வீர்கள்.

நம் தலைப்புக்கு முக்கியமான ஒரு விடயம் இங்கே இருக்கிறது. பால்கோனே வங்கிகளுக்குக் கடிதம் எழுதுவதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன், அந்த யோசனை ஒரு மர்மக் கதையில் வந்துவிட்டது. லெயொனார்தோ ஷாஷாவின் 'ஆந்தையின் பகல்' என்ற நாவல் 1961இல் வெளியானது. அதில் பெல்லோதி என்ற கரபினியேரி கப்டன் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் கொலையை விசாரிக்கிறார். கண்ட சாட்சி எவரும் வாய் திறப்பதில்லை. அப்போது அவர் யோசிக்கிறார்: இவர்களைக் கொலையில் பிடிப்பதைவிட வங்கிக் கணக்கிலும் வரிக் கணக்கிலும் கம்பனி ஏடுகளிலும் காணி உறுதிகளிலும் பிடிப்பதே வழி என்று. இது ஷாஷாவுக்கு எப்படித் தோன்றியது? எழுத்தாளர் ஆவதற்கு முன் அவர் தன் ஊரான ரக்கல்முத்தோவில் கோதுமை கொள்வனவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பின்னர் பள்ளி ஆசிரியர். ஒவ்வொரு கமக்காரனும் எத்தனை மூட்டை கொடுத்தான், எத்தனை மூட்டை எழுதினான் என்று பார்க்கும் இடத்தில் இருந்தவருக்கு ஏடு பொய் சொல்லும் என்பது தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தொழிலில் இருந்து கதை எடுத்தவர்கள் இந்த ஊரில் இன்னும் உண்டு. சாந்தோ பியாட்சேசே பலெர்மோ பல்கலைக்கழகத்தில் உயிரியலாளராக இருந்தவர். 1996இல் வந்த அவருடைய முதல் மர்ம நாவலில் கதை சொல்பவரும் பல்கலைக்கழக உயிரியல் ஆய்வாளர்தான். தாவரவியல் பூங்காவில் ஒரு மரத்தில் தொங்கும் உடலோடு கதை தொடங்குகிறது. அதை வெளியிட்டவர்கள் செல்லேரியோ பதிப்பகத்தார். 1969இல் எல்விராவும் என்சோ செல்லேரியோவும் தொடங்கிய அந்தப் பதிப்பகம் பழைய சிராகூசா வீதியில் இருக்கிறது. இப்போது அந்த வீதிக்கே அவர்கள் இருவரின் பெயர். கமில்லேரியின் மொந்தல்பானோ கதைகளும் அங்கிருந்துதான் வருகின்றன. கமில்லேரி பொலிஸ்காரர் அல்லர். ராய் தொலைக்காட்சியில் மெக்ரே துப்பறியும் தொடரின் தயாரிப்பைக் கவனித்தவர். நாவலைத் திரைக்கதை ஆசிரியர் பாகம் பாகமாகக் கழற்றித் திரும்பப் பூட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் மர்மக் கதை செய்யப் படித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

பாரி நகரில் மாபியா எதிர்ப்பு அரச வழக்குத்தொடுநராக இருந்தவர் ஜான்ரிக்கோ கரோபிலியோ. 2002இல் வந்த அவருடைய முதல் நாவலும் செல்லேரியோ வெளியீடு. அவருடைய நாயகன் எதிரியின் பக்கம் வாதாடும் வழக்கறிஞர். நீதிமன்றம் அதேதான், ஆசனம் மட்டும் எதிர்ப்பக்கம். நம் சுஜாதாவும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர். அவருடைய கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். ஆகவே தொழிலை எழுதுவதென்றால் நம்மையே கதாநாயகனாக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வங்கித்துறையில் இருந்து வந்தவர்களில் பால் எர்ட்மன் ஒரு விசித்திரமான உதாரணம். சுவிஸ் பாசல் நகரில் அவர் தலைவராக இருந்த வங்கி கொக்கோ வியாபாரத்தில் பெரும் நட்டப்பட்டு 1970இல் விழுந்தது. சிறைக்குள் இருந்தபடியே அவர் எழுதிய நிதித் துப்பறியும் நாவல் 1973இல் வெளியாகி, அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் பரிசையும் வாங்கியது. இந்த வழியை நேயர்களுக்கு நான் சிபாரிசு செய்யவில்லை.

சரி, கணக்குத் தொழில் கதைக்கு என்ன கொடுக்கிறது? மூன்று விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, தடயம். ஒரு கடைக்காரர் பிட்சோ, அதாவது மாபியாவுக்குக் கப்பம், கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கப்பத்துக்கு விலைச்சிட்டை கிடையாது. அப்படியானால் அந்தக் காசு ஏட்டுக்கு வெளியே முதலில் உண்டாக வேண்டும். ஒன்றில் பற்றுச்சீட்டுப் போடாமல் சாமான் விற்க வேண்டும், அல்லது செய்யாத வேலைக்கு ஒரு பொய் விலைச்சிட்டை வாங்க வேண்டும், அல்லது ஒரு நாளும் வேலைக்கு வராத ஒருவருக்குச் சம்பளம் எழுத வேண்டும். பொய் விலைச்சிட்டையைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. தொகை எப்போதும் முழு எண்ணாக இருக்கும். ஒரே ஆள் தரும் சிட்டைகளின் இலக்கம் 11, 12, 13 என்று இடைவெளியே இல்லாமல் ஓடும். அப்படியானால் அவருக்கு உலகத்தில் வேறு வாடிக்கையாளரே இல்லை. ஓகஸ்ட் 15ஆம் தேதி, பெராகோஸ்தோ அன்று, குழாய் திருத்தியதாக ஒரு சிட்டை இருக்கும். பலெர்மோவில் அன்று குழாய் திருத்த ஆள் பிடித்தவர் எவராவது இருந்தால் எனக்கும் அந்த இலக்கத்தைத் தாருங்கள். இந்த ஒரு திகதி என் கதையில் பத்துப் பக்கத்துக்குப் போதுமாக இருந்தது.

இதைப் பகிடியாகச் சொன்னாலும் விடயம் பகிடி இல்லை. லீபெரோ கிராசி என்ற உடுப்புத் தொழிற்சாலைக்காரர் கப்பம் கட்ட மறுத்து 1991 ஜனவரி 10ஆம் தேதி 'ஜொர்னாலே டி சிச்சிலியா' பத்திரிகையில் கப்பக்காரனுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் தேதி காலை, வீட்டருகே அல்பியேரி வீதியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தன் ஏட்டில் பொய் எழுத மாட்டேன் என்பதுதான் கணக்காளன் பார்வையில் அவர் சொன்னது. மற்றக் கடைகளின் ஏடுகள் சமப்பட்டுக்கொண்டே இருந்தன.

இரண்டாவது, கடிகாரம். மர்மக் கதைக்கு நேரம் ஓடவேண்டும், இல்லாவிட்டால் வாசகர் கொட்டாவி விடுவார். வெடிகுண்டுக்குப் பதிலாக எனக்குச் சட்டம் ஒரு கடிகாரம் தந்தது. வீட்டு வேலை செய்பவர்களுக்காக முதலாளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர், ஜனவரி மாதங்களின் 10ஆம் தேதிக்குள், இன்ப்ஸ் நிறுவனத்துக்குப் பங்களிப்புக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்ட பங்களிப்பு பொதுவாக 5 ஆண்டில் காலாவதியாகிவிடும். அதன் பிறகு இன்ப்ஸ் அதை அறவிடவும் முடியாது, முதலாளி மனம் மாறி வந்தாலும் சாதாரண வழியில் வாங்கவும் முடியாது. வயோதிப ஓய்வூதியத்துக்கோ குறைந்தது 20 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும்.

என் கதை இதுதான். லிபெர்த்தாவில் ஒரே வீட்டில் நீண்ட காலம் வேலை செய்த ஒரு தமிழ் அம்மா தன் பங்களிப்புக் கூற்றை எடுத்துப் பார்க்கிறார். நடுவில் ஒரு பெரிய இடைவெளி. வீட்டுக்காரக் கிழவியோ லாச்சியைத் திறந்து, கட்டிய துண்டுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்று காட்டுகிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் காசை வாங்கிப் போய்க் கட்டிய ஒருவர் இருந்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை. 5 ஆண்டு முடிய இன்னும் 40 நாள். மிச்சத்தைச் சொன்னால் புத்தகத்தை எவரும் வாசிக்க மாட்டீர்கள்.

மூன்றாவது, வாய்ப்பூட்டு. கணக்காளனுக்குத் தொழில் ரகசியத்தைக் காக்கும் கடமை உண்டு. இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 622ஆம் பிரிவு அதை மீறுவதைக் குற்றமாக்குகிறது. மறுபக்கம், 2007ஆம் ஆண்டின் 231ஆம் இலக்கச் சட்ட ஆணைப்படி, பணம் சலவை செய்யப்படுகிறது என்று சந்தேகம் வந்தால் கணக்காளர் இத்தாலிய மத்திய வங்கியில் உள்ள நிதித் தகவல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்த செய்தியை வாடிக்கையாளருக்குச் சொல்லவும் கூடாது. யோசித்துப் பாருங்கள். நேற்று ஒருவரைப் பற்றி அறிவித்துவிட்டு, இன்று அதே ஆளோடு கோப்பி குடித்துக்கொண்டு அவருடைய மகளின் கலியாணச் செலவு பற்றிக் கதைக்க வேண்டும். மர்மக் கதைக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. இதை வெளியில் இருந்து எழுதுபவர் சட்டத்தைத் தேடிப் படித்து எழுதலாம். அந்தக் கோப்பியின் ருசி உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும்.

இந்த வாய்ப்பூட்டு கதை எழுதுபவரையும் சேர்த்தே பூட்டுகிறது. நம் சமூகம் சிறியது. 'ஐந்தாம் மாடி, குருட்டுக் கிழவர், இரண்டு பிள்ளைகள் கனடாவில்' என்று எழுதினால் போதும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் அது யார் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். என் மேசைக்கு வந்த ஒருவர் தன் சம்பளத் துண்டை என்னிடம் நீட்டியது ஓய்வூதியத்துக்காக. என் அத்தியாயத்துக்காக அவர் அதை நீட்டவில்லை. ஆகவே எனக்கு நானே சில விதிகள் வைத்திருக்கிறேன். எந்த வாடிக்கையாளரின் கதையையும், பெயரை மட்டும் மாற்றி எழுதுவதில்லை. பெயர் மாற்றம் ஒளிப்பதற்குப் போதாது. நடைமுறையை மட்டும் என் தொழிலில் இருந்து எடுப்பேன்: படிவம் எப்படிப் போகிறது, எந்தக் கையொப்பம் எங்கே வேண்டும், எந்த ஓட்டையால் காசு ஒழுகும் என்பவை. ஆட்களை நானே உண்டாக்குவேன். யாராவது வாசித்துவிட்டு "இது நான்தானே" என்று கேட்கக்கூடிய இடம் வந்தால், அந்த இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெட்டிவிடுவேன். நல்ல பக்கம் ஒன்று போனால் இன்னொன்று எழுதலாம். நம்பி வந்தவர் போனால் திரும்ப வரமாட்டார்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நமக்குத் தெரிந்ததை எல்லாம் வாசகருக்குக் கற்பிக்கும் ஆசை தொழில்காரர்களுக்கு வரும். இரட்டைப் பதிவு முறையை விளக்க நான் எழுதிய நாலு பக்கத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மனைவி, "இஞ்சாருங்கோ, ஆரப்பா செத்தது? அதைச் சொல்லுங்கோ" என்றார். நாலு பக்கம் நாலு வரியானது. வாசகருக்கு ஐந்தொகை முழுதும் வேண்டாம். சமப்படாத அந்த ஒரு தொகை போதும்.

நேயர்களே, இதைக் கணக்காளருக்காக மட்டும் சொல்லவில்லை. கட்டடத்தின் வாசல் காப்பவருக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருக்கு வரும் கடிதங்கள் திடீரென்று நின்றன என்பது தெரியும். முதியவரைப் பராமரிப்பவருக்கு மருந்து அலுமாரியில் எத்தனை குளிசை மிச்சம் இருக்க வேண்டும் என்பது தெரியும். உணவகச் சமையலறையில் நிற்பவருக்கு, 30 பேருக்கு வாங்கிய மீன் ஏன் 50 பேருக்குக் கணக்கு எழுதப்பட்டது என்பது தெரியும். இந்த நகரத்து வீடுகளைப் பற்றி இத்தாலிய எழுத்தாளர்கள் வரவேற்பறையில் இருந்து எழுதியிருக்கிறார்கள். பின்பக்கப் படிக்கட்டில் இருந்து தமிழில் எழுத வேண்டியவர்கள் நாங்கள். ரகசியம் காக்க வேண்டிய கடமை எல்லோருக்கும் உண்டு, எழுதும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு. இரண்டையும் ஒரே ஏட்டில் சமப்படுத்தப் பழக வேண்டும்.

விருப்பமுள்ளவர்கள் உங்கள் தொழிலில் நீங்கள் கண்ட ஒரு வித்தியாசத்தை வைத்து, ஆள் அடையாளம் இல்லாமல், ஒரு பக்கக் கதை எழுதி நிலையத்தில் கொடுங்கள். நல்லவற்றை வாசிப்போம். அதோடு, வீட்டு வேலை செய்யும் அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் வழமையான ஒரு வேண்டுகோள். கதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இந்த மாதம் உங்கள் இன்ப்ஸ் பங்களிப்புக் கூற்றை எடுத்து, ஒவ்வொரு காலாண்டாக விரலை வைத்துப் பாருங்கள். இடைவெளி ஏதும் இருந்தால் 5 ஆண்டு முடியும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கூற்றோடு வாருங்கள், சேர்ந்து தேடுவோம்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.